வாய் தெரிகிற டிவி

எந்த வேலையிலும் நான் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. ஏழாவதோடு படிப்பை விட்டுவிட்டு குளத்தூர்ப் பக்கம் உப்பளத்துக்குப் போனேன். பாதம் வெடித்து நடக்க முடியாமல் ஆனதும் அதை விட்டேன். புதியம்புத்தூரில் ஒரு தையல் கம்பெனியில் சட்டைக்குக் காஜா எடுத்தேன். கயத்தாற்றில் லாரி ஏறி, கிளீனராக வடக்கே எங்கெங்கோ போய் வந்தேன். கடைசியில் கோவில்பட்டியில் ஒரு கேபிள்காரரிடம் சேர்ந்தேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை.

கேபிள் வேலை எனக்கு ஒத்துப்போனதற்குக் காரணம், அதில் உட்கார வேண்டியதில்லை. மழை பெய்தால் கரிசல் மண் உப்பி போஸ்ட் சாயும். கோடையில் மண் பாளம் பாளமாக வெடித்து அதே போஸ்ட் இன்னொரு பக்கம் சாயும். இரண்டுக்கும் நான்தான் போக வேண்டும். ஒரு மாடியில் வேலை முடிவதற்குள் அடுத்த மாடிக்குக் கூப்பிடுவார்கள். சாப்பாடு பாதி நாள் நின்றுகொண்டேதான்.

இரண்டாயிரங்களின் கடைசியில் ஆட்கள் கேபிளை வெட்டிவிட்டு மாடியில் டிஷ் வைக்க ஆரம்பித்தார்கள். எங்கள் கேபிள்காரர் கொஞ்ச நாள் அவர்களைத் திட்டிப் பார்த்தார். பிறகு டிஷ் பெட்டிக்கு அவரே ஏஜென்சி எடுத்துக்கொண்டார். எச்.டி. பெட்டி என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது, படம் அப்படியே நேரில் பார்ப்பது மாதிரி இருக்கும் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவரும் அதைப் பார்த்தது கிடையாது.

முதல் எச்.டி. பெட்டியைக் கேட்டவர் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி அண்ணாச்சி ஒருவர். எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவர் திருநெல்வேலிக்குப் போய், சுவரில் மாட்டுகிற பெரிய டிவி ஒன்றை வாங்கி வந்திருந்தார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது கேபிள்காரர் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"அங்கன போயி வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. அவிய மக டிவியில பேசுதா. அண்ணாச்சி முன்னால அந்தப் பேச்சையே எடுத்துராத."

மீதியையும் அவரே சொன்னார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு சென்னைக்குப் போய்விட்டாள். மூன்று வருஷம் ஆகிறது. அங்கே ஒரு பாட்டு சேனலில் வேலை. தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு அவள் நிகழ்ச்சி வரும். ஆட்கள் போன் செய்து பாட்டுக் கேட்பார்கள், அவள் சிரித்துப் பேசிப் போட்டுவிடுவாள். வீட்டுக்கு போன் செய்தால் அப்பா எடுத்து வைத்துவிடுவார். கடுதாசி வந்தால் பிரிக்காமல் பீரோவில் போட்டுப் பூட்டிவிடுவார். அம்மாவோடு போனில் பேச முடியாது. ஒரு காய்ச்சலில் அந்த அம்மாவுக்கு இரண்டு காதும் போய்விட்டிருந்தது.

ஆகவே அந்த அம்மாவுக்கு மகளிடமிருந்து கிடைப்பதெல்லாம் அந்த மூன்று மணி நிகழ்ச்சிதான். சத்தம் கேட்காது. வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் எல்லோருடைய பேச்சையும் அவர் அப்படித்தான் புரிந்துகொண்டார். நான் போய் நின்றதும் முதலில் சொன்னதே அதுதான்.

"தம்பி, மூஞ்சிய நேரா வச்சுப் பேசு. அங்கன இங்கன திரும்பாத."

காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி கொஞ்சம் உரக்கத்தான் பேசுவார். என்னிடம் டிவியைக் காட்டிச் சொன்னார்: பழைய டிவியில் கேபிள் படம் புள்ளி புள்ளியாக வரும், உதடு எது பல் எது என்று தெரியாது, ஒரு வாய்க்குப் பக்கத்தில் இன்னொரு வாய் நிழலாட்டம் நிற்கும், மூன்று வருஷத்தில் பிள்ளை என்ன பேசுகிறாள் என்று ஒரு வார்த்தை பிடிபடவில்லை. இதில் வாய் தெரியுமா, அது போதும்.

தெரியும் அக்கா, என்று சொல்லிவிட்டேன். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து, கிரிக்கெட் பார்க்கத்தான் வாங்கினேன் என்று யாரும் கேட்காமலேயே சொன்னார்.

மாடியில் டிஷ்ஷை முடுக்கினேன். ஆடிக் காற்று, நாலு பக்கமும் கம்பி கட்ட வேண்டியிருந்தது. கீழே வந்து பெட்டியையும் டிவியையும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று நிற வயரால் இணைத்தேன். அந்த ஒரு வயர்தான் எங்களுக்குத் தெரியும். பெட்டியின் நெற்றியில் எச்.டி. என்று விளக்கு எரிந்தது. படம் சுவர் நிறைய வந்தது. அண்ணாச்சி எழுந்து நின்றார். ஆபீஸில் தீப்பெட்டி ஒட்டுகிற பெண்கள் நாலு பேர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

மூன்று மணிக்கு மகள் வந்தாள். அந்த அம்மா பக்கத்தில் போய் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

"நல்லா சதை போட்டுருக்கா. கன்னத்தப் பாரேன். வேளைக்குச் சாப்பிடுதா."

அண்ணாச்சி மறுபடி உட்கார்ந்து பேப்பரை விரித்திருந்தார். ஆனால் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். எனக்குமே அது நல்ல படமாகத்தான் பட்டது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

நாலு நாளில் கேபிள்காரருக்கு அந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது. முகம் பெரிதாக வருகிறது, வாய் தெரியவில்லை, பிசைந்த மாவு மாதிரி இருக்கிறது. போய்ப் பார்த்தேன். உண்மைதான். தூரத்தில் நின்றால் படம், கிட்டே போனால் வெறும் நிறம். செய்தி வாசிக்கிற மனிதர் தலையும் பூசணிக்காய் அகலத்துக்கு இருந்தது. எல்லோரும் ஒரே வாரத்தில் சதை போட முடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. பெட்டி வந்த அட்டையைத் திரும்பப் பிரித்தேன். அதிலிருந்த சின்னப் புத்தகத்தில் தட்டைத் தலையோடு ஒரு தடித்த வயர் படம் போட்டிருந்தது. அப்படி ஒரு வயர் எங்கே என்று கேபிள்காரரிடம் கேட்டேன். அது கம்ப்யூட்டர் வயர் என்று நினைத்து, பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற மச்சானிடம் கொடுத்துவிட்டாராம். மச்சானுக்கும் அது எதற்கு என்று தெரியாமல் ஜன்னலில் தொங்கவிட்டிருந்தார். வாங்கி வந்து சொருகினேன். பெட்டிக்குள் ரிமோட்டால் தோண்டித் தோண்டிப் போனதில் படத்தின் அளவு என்று ஒரு பக்கம் இருந்தது. அதைக் கடைசி எண்ணுக்கு ஏற்றினேன். இழுத்து அகலமாக்கியிருந்ததையும் எடுத்துவிட்டேன்.

அந்த அம்மா பக்கத்தில் வந்து, டிவி முகத்தில் ஒட்டியிருந்த பாலிதீன் தாளை நகத்தால் நெம்பினார். அதைப் பிரித்தால் புதுசு போய்விடும் என்று அண்ணாச்சி விடாமல் வைத்திருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுசாக உரித்துச் சுருட்டி என் கையில் கொடுத்தார் அக்கா.

எச்.டி. சேனல் என்று இருந்தது நாலோ ஐந்தோதான். ஒன்றில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. அதன் தோலில் இருந்த ஈரம் தெரிந்தது. தொண்டை துடிப்பது தெரிந்தது. நாங்கள் மூன்று பேரும் டிவிக்குக் கிட்டே போய் நின்றோம். அந்த மாதிரிப் படத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. ஒரு வெள்ளைக்காரர் வந்து அந்தத் தவளையைப் பற்றி ஏதோ சொன்னார். அவர் உதட்டில் இருந்த வெடிப்பு வரைக்கும் தெரிந்தது.

"இவரு பேசுதது அச்சரம் அச்சரமாத் தெரியுது," என்றார் அக்கா. "ஆனா இங்கிலீஷ்."

மகள் இருந்த சேனலுக்கு மாற்றினேன். முன்பைவிட மோசமாக இருந்தது. தமிழில் எச்.டி. சேனல் ஒன்றுகூட அப்போது வரவில்லை. அவர்கள் அனுப்புவதே சின்னப் படம். பெரிய டிவி அதை இழுத்து விரிக்கிறது, அவ்வளவுதான். இதைச் சொல்லவும் எனக்குத் தயக்கமாக இருந்தது. அதற்குள் அக்கா வேறொன்றைக் கவனித்துவிட்டார். அகலத்தை நான் சரி செய்துவிட்டேன் அல்லவா, மகள் முகம் அதன் சொந்த அளவுக்கு வந்திருந்தது.

"ஏம்ல இப்படி எளச்சுட்டா? போன வாரம் நல்லாத்தான இருந்தா?"

இது டிவி செய்த வேலை, அவள் எப்போதும் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று அவர் முகத்துக்கு நேராக நின்று சொன்னேன். புரிந்தது. ஆனால் நம்பவில்லை. போன வாரத்து முகத்தையே திரும்ப வைக்கும்படி கேட்டார். வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேண்டாம், உள்ளதையே வை என்றார். அண்ணாச்சி எழுந்து ஆபீஸுக்குப் போய்விட்டார்.

என்ன செய்தால் வாய் தெரியும் என்று இரண்டு நாள் அலைந்தேன். போஸ்ட்டில் ஏறினாலும் அதுதான் மண்டையில் ஓடிற்று. பெரிய டிவிதான் கெடுக்கிறது என்றால் சின்ன டிவியில் என்ன ஆகும்? அவர்களுடைய பழைய டிவி ஆபீஸில், குச்சி மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிடந்தது. பின்னால் முதுகு நீட்டிக்கொண்டிருக்கிற பழைய குழாய் டிவி. அண்ணாச்சியிடம் கேட்டபோது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தூக்கிவிட ஒரு ஆளையும் அனுப்பினார்.

கேபிள் வயரை விட்டுவிட்டு, புதுப் பெட்டியை அதே மூன்று நிற வயரால் பழைய டிவியில் மாட்டினேன். படம் சிறிசு. ஆனால் புள்ளி இல்லை, நிழல் இல்லை, கோடு கோடாகச் சுத்தமாக இருந்தது. அக்கா ஒரு ஸ்டூலைப் போட்டு முகத்தருகே உட்கார்ந்தார். மூன்று மணிக்கு மகள் வந்தாள். பல் தெரிந்தது, நாக்கு தெரிந்தது. எனக்கே கர்வமாக இருந்தது. அரை மணி நேரம் அக்கா கண் சிமிட்டாமல் பார்த்தார். பிறகு கையை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வாய் தெளிவாத்தான் இருக்கு தம்பி. பேச்சுதான் நம்ம பேச்சா இல்ல."

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். பாட்டு என்றாலும் மாட்டு என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் போகும். எது என்று கண்டுபிடிப்பது முன்னாலும் பின்னாலும் வருகிற வார்த்தைகளை வைத்துத்தான். அந்த வார்த்தைகள் பழகினவையாக இருக்க வேண்டும். காது போன பிறகு அவர் கற்றுக்கொண்டதெல்லாம் கோவில்பட்டி வாய்களைப் பார்த்துத்தான். மகளோ டிவிக்கென்று ஒரு பேச்சுப் பேசினாள். பாதி இங்கிலீஷ், பாதி எந்த ஊர்த் தமிழ் என்று தெரியாத தமிழ், அதுவும் மூச்சு விடாமல். 'சொல்லுதீங்க' என்று சொல்ல வேண்டிய இடத்தில் அந்த வாய் வேறு எதையோ செய்தது.

நல்ல டிவி, நல்ல பெட்டி, நல்ல வயர் எல்லாம் வந்தும் விஷயம் அப்படியே நின்றது. என்னால் அதை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. அவளே ஊர்ப் பேச்சில் பேசினால்தான் உண்டு. அதை அவளிடம் யார் சொல்வது? நிகழ்ச்சியின் போன் நம்பர் தினமும் டிவியின் அடியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாளிலிருந்து மூன்று மணி ஆனால் போனை எடுத்து அடிக்க ஆரம்பித்தேன். எப்போது அடித்தாலும் எங்கேஜ்தான். மாடிப் படியில் நின்று அடித்தேன், டீக்கடையில் அடித்தேன், போஸ்ட் உச்சியில் இடுப்பைக் கட்டிக்கொண்டு அடித்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் போயிருக்கும். எட்டயபுரம் ரோட்டில் ஒரு போஸ்ட்டில் இருக்கும்போது அந்தப் பக்கம் மணி அடித்துவிட்டது. யாரோ ஒரு ஆள் எடுத்து, பெயர் ஊர் கேட்டு, லைனிலேயே இருங்கள் என்றார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இறங்கி, பக்கத்தில் தெரிந்த வீட்டுக்குள் போனேன். நான் கனெக்ஷன் கொடுத்த வீடுதான். ஒரு அம்மா கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் டிவியை அந்தச் சேனலுக்கு மாற்றினேன். அவர் என்னையே பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் மகள் குரல் காதில் வந்தது. முதலில், டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். எல்லோரிடமும் சொல்வதுதான். முழுசாகக் குறைத்துவிட்டேன். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டாள்.

"கோவில்பட்டியிலருந்து பேசுதேன். ஒங்க வீட்டுக்கு டிவி மாட்டிக் குடுத்தவன். அம்மா தெனமும் பாக்காவ. நீங்க பேசுதது அவியளுக்கு ஒரு வார்த்த வெளங்கல. வீட்டுல பேசுத மாதிரி மெதுவாப் பேசுங்க."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். டிவியில் அவள் முகம் அப்படியே நின்றது. பிறகு பழையபடி சிரித்து, உங்களுக்கு என்ன பாட்டு வேண்டும் என்று டிவிப் பேச்சிலேயே கேட்டாள். எனக்கு ஒரு பாட்டும் ஞாபகம் வரவில்லை. ஏதாவது போடுங்கள் என்றேன். லைன் போய்விட்டது.

பாட்டு ஓடிற்று. அதன் பிறகு இன்னும் இரண்டு பேர் பேசினார்கள். நான் அந்த வீட்டில் நின்றுகொண்டே இருந்தேன். ரிமோட் என் கையில் இருந்தும் சத்தத்தைக் கூட்டத் தோன்றவில்லை. நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் வழக்கமாக இரண்டு கையையும் ஆட்டி ஏதோ இங்கிலீஷில் சொல்லி முடிப்பாள். அன்றைக்குக் கையை ஆட்டவில்லை. நேராகப் பார்த்தாள். வாயை மெதுவாக, பெரிதாகத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். விளம்பரம் வந்துவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடலை உரித்த அம்மாவிடம் கேட்டேன். அவர் டிவியையே பார்க்கவில்லை.

சைக்கிளை மிதித்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்திருந்தார். நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்.

"'வாரேம்மா'ன்னு சொன்னா. எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. வாரேம்மான்னா."

அதற்குமேல் அவர் நிற்கவில்லை. மாடி அறைச் சாவியைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த அறையில் தீப்பெட்டி லேபிள் கட்டுகளைப் போட்டு வைத்திருந்தார்கள். அதையெல்லாம் எடுக்க வேண்டும், மெத்தையை வெயிலில் போட வேண்டும் என்று ஆபீஸ் பெண்களைக் கூப்பிட்டார்.

அண்ணாச்சி கூடத்தில் இருந்தார். அன்றைக்கு அவர் ஆபீஸுக்குப் போகவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவருக்குக் காது கேட்கும். டிவி சத்தம் கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். நான் போனில் பேசியது, அவள் பேசியது எல்லாம் அவர் கேட்டிருப்பார். என்னைக் கோபிக்கப் போகிறார் என்று நின்றேன். அவர் மனைவி சாவியோடு கூடத்தைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்தார். பிறகு எழுந்து, அக்கா பார்க்க முடியாதபடி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போறவிய எல்லாரும் வாரேன்னுதான்ல சொல்லுவாவ. நிகழ்ச்சி முடிஞ்சுது, வாரேன்னா. அவ்வளவுதான அது?"

திரும்பி வருவதற்கும் விடைபெறுவதற்கும் எங்களுக்கு அந்த ஒரு சொல்தான் இருக்கிறது. அவர் கேட்ட குரலைப் பார்த்தால், இல்லை என்று நான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. அவளுடைய குரல் எப்படி இருந்தது, கேட்டவர் நீங்கள்தானே என்று நானே அவரைக் கேட்டேன். டிவியில் எல்லாக் குரலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்றார்.

மாடி அறை சுத்தமாயிற்று. அதற்கு ஒரு மின்விசிறி மாட்ட என்னையே கூப்பிட்டார்கள். மகள் அதற்குப் பிறகும் தினமும் மூன்று மணிக்கு வந்தாள். டிவிப் பேச்சுதான் பேசினாள். ஆனால் முடிக்கும்போது மட்டும் நேராகப் பார்த்து அந்த ஒரு சொல்லைச் சொன்னாள். தினமும் சொல்ல ஆரம்பித்ததும், அண்ணாச்சி சொன்னதுதான் சரியோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. அக்காவுக்கு அப்படி இல்லை. சொல்லிக்கொண்டேதானே இருக்கிறாள், லீவு கிடைக்க வேண்டாமா என்பார். அண்ணாச்சி அந்த நேரத்தில் ஆபீஸிலிருந்து வந்துவிடுவார். உட்கார மாட்டார். கதவுப் பக்கம் நிற்பார். பீரோவிலிருந்த கடுதாசிகளை அவர் பிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. சாவி மட்டும் பீரோவிலேயே தொங்கியதைப் பார்த்தேன்.

தை பிறப்பதற்குள் எனக்குக் கால் நிற்கவில்லை. வேலையில் குறை ஒன்றும் இல்லை. கேபிள்காரர் நல்லவர்தான். ஆனால் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. தெரிந்த ஒரு டிரைவர் குஜராத் பக்கம் ஆள் தேவை என்றார். பையை எடுத்துக்கொண்டு, போகிற வழியில் அந்த வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம் என்று படியேறினேன். மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. அக்கா ஸ்டூலைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கதவுப் பக்கம் நின்றார். எங்கே என்று கேட்டார்கள், சொன்னேன். சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டுவிட்டேன் என்றேன்.

கிளம்பும்போது வழக்கமாகச் சொல்கிற சொல் வாய்க்கு வந்துவிட்டது. அக்கா என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குஜராத்துக்குப் போகிறவன், திரும்பி வருகிற எண்ணம் இல்லாதவன், அந்தச் சொல்லை அவர் கண் முன்னால் எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். பிறகு மெதுவாக, அவருக்குத் தெரியும்படி, "போறேன் அக்கா" என்றேன்.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"வீட்டுல இருந்து கெளம்பும்போது அப்படியா சொல்லுவாவ? சரியாச் சொல்லிட்டுப் போ."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.